குழியில் வைத்த டம்ளர்

குன்னத்துகால் வாசகசாலைச் செயலாளர் தங்கப்பன் சாக்குப்பையுடன் ராஜதாஸ் வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. சுதந்திரப் பொன்விழா ஆண்டு. வீட்டுக்கு ஒன்றாக, அன்றாடம் புழங்கும் பொருட்களை டிரம்மில் அடைத்து வாசகசாலை முற்றத்தில் புதைக்கப் போகிறார்கள். ஐம்பது வருடம் கழித்துத் திறப்பார்களாம்.

ராஜதாஸ் உள்ளே போய் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தான். அதில் 'ஷைனா' என்று பெயர் வெட்டியிருந்தது.

"நாம செத்தாலும் பிள்ளைக்க பேரு நிக்கும் இல்லியா," என்றான். மனைவி சுகிர்தபாய் டம்ளர் சாக்குப்பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷைனாவுக்கு ஆறு வயது. போன ஆனியில் வயிற்று ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தவள், இரவு முழுக்க 'வெள்ளம், வெள்ளம்' என்று தண்ணீர் கேட்டாள். ஒரு சொட்டும் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சுகிர்தபாய் கொடுக்கவில்லை. விடியுமுன் பிள்ளை போய்விட்டது.

டிரம்மைப் புதைத்த அன்று அந்தியில் கரண்ட் போனது. அடுக்களை இருட்டில் பாத்திரங்கள் மெல்ல நகர்ந்தன, யாரோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைப்பதுபோல. எங்கிருந்தோ டெட்டால் வாடை வந்தது.

பிறகு, வறண்ட தொண்டையில் ஒரு குரல்.

"அம்மா... வெள்ளம்..."

அதன்பின் கரண்ட் போகும்போதெல்லாம் அந்தக் குரல் வந்தது. ராஜதாஸ் வேறு டம்ளரில் வைத்த தண்ணீர் தொடாமலே கிடந்தது.

"நான் போய் அவளுக்க டம்ளரை எடுத்துட்டு வாறேன்," என்றான்.

சுகிர்தபாய் அவன் கையை இறுகப் பிடித்தாள். "எடுக்கண்டாம். வெள்ளம் கிட்டினா பெறவு வரமாட்டா."

"எடீ, பிள்ளைக்குத் தாகமாக்கும்!"

"தாகிச்சாத்தானே என்னைக் கூப்பிடுவா?"

அவனால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் தங்கப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். தங்கப்பன் கம்பிப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "யாருட்டயும் சொல்லண்டாம் மக்கா," என்றார். இருவருமாகக் குழியை மூடிய சிமெண்ட் பலகையைப் புரட்டி, டிரம்மிலிருந்து டம்ளரை எடுத்தார்கள்.

அந்தியில் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி அடுக்களைத் தரையில் வைத்தான். கரண்ட் போனது. இருட்டில் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். நெடுநேரம் கேட்டது.

டம்ளர் உருண்டது.

அவ்வளவுதான். மறுநாள் குரல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சுகிர்தபாய் இருட்டைப் பார்த்து, "மக்கா... மக்கா..." என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தாள். கணவனிடம் பேசுவதை நிறுத்தினாள்.

ஒரு மாலை அவள் சுவரில் சாய்ந்து சத்தமின்றி அழுதுகொண்டிருந்தாள். ராஜதாஸ் மண்ணெண்ணெய் விளக்குடன் அருகே குனிந்தான்.

அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீர், தாடையிலிருந்து கண்ணை நோக்கி, கீழிருந்து மேலாக மெதுவாக மறைந்துகொண்டிருந்தது.

பூனைக்குட்டி நக்குவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

சுகிர்தபாய் மூச்சை அடக்கிக்கொண்டு மற்றக் கன்னத்தைத் திருப்பினாள்.