இடையூறு: ஒருவர்

காலை ஐந்தேமுக்காலுக்கு அலாரம் அடிக்கும். அதற்கு முன்பே விழித்திருப்பான். பல் தேய்ப்பான். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பான். பால் காய்ச்சிக் குடிப்பான். படுக்கையில் ஒரு பக்கம் மட்டும் கலைந்திருக்கும், அதை இழுத்துவிடுவான். கதவைப் பூட்டுவான். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். ஏரிக்கு நடப்பான்.

ஏரிக்கு நடப்பது அக்காவின் உத்தரவு.

மனைவி விபத்தில் போய் ஒன்றரை வருஷம். அன்றிலிருந்து ஆளாளுக்கு அவனுக்கு அமைதியை ஊட்டிவிடப் பார்த்தார்கள். அத்தை மூச்சுப்பயிற்சி வீடியோ அனுப்பினாள். டாக்டர் நடக்கச் சொன்னார். மனசை ஒருநிலைப்படுத்துங்க மாப்பிள்ளை என்று மாமனார் சொன்னார், சொல்லிவிட்டு அவரே அழுதார். அக்கா மட்டும் பேரம் பேசினாள். தினமும் இருபது நிமிஷம், வெட்டவெளியில், போனைத் தொடாமல் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தால் மறுகல்யாணப் பேச்சை எடுக்க மாட்டாளாம். ஏமாற்றவும் முடியாது. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரத்தளமும் அதன் நுனியில் இருந்த பெஞ்சும் அக்கா வீட்டு மொட்டைமாடியிலிருந்து பளிச்சென்று தெரியும். வேறு எந்தப் பெஞ்சும் தெரியாது.

சும்மா உட்காருவது இத்தனை எரிச்சலான வேலை என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. கொசு. ஈரம். மனசு நிலைக்கு வரவில்லை... கால்தான் ஆட ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். கழுத்தில் பைனாகுலர், மடியில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். அவன் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

"காலை ஆட்டாதீங்க" என்றாள், திரும்பாமலே.

அவன் ஆட்டுவது பலகை வழியாகத் தண்ணீருக்குப் போய், தண்ணீர் வழியாக முக்குளிப்பான் பறவைக்குப் போய், அது முங்கிவிட்டதாம். முங்கியது எங்கே எழும் என்று யாருக்குத் தெரியும்... எண்ணியதையே மறுபடி எண்ணினால் கணக்கு என்னாவது? ஏரி அலுவலகத்தில் பறவைக் கணக்கெடுப்பது அவள் வேலை, நாலு நாள் லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். ஒரே இடம், ஒரே நேரம், பத்து நிமிஷம். இடத்தை மாற்றினால் போன மாதக் கணக்கோடு இந்த மாதத்தை ஒப்பிட முடியாது. அதனால் அவன்தான் வேறு பெஞ்சு பார்க்க வேண்டும் என்றாள்.

அக்கா மாடியிலிருந்து பார்க்கிறாள் என்று முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது? முடியாது என்று மட்டும் சொன்னான்.

அப்படித் தொடங்கியது. தினமும் அவன் உட்காருவான், கால் ஆடும், அவள் திட்டுவாள். அவளுடைய தாளில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'இடையூறு'. நாய், படகு, பட்டம் என்று எழுத வேண்டிய இடம். ஒருநாள் எட்டிப் பார்த்தான். ஒருவர், கால் ஆட்டம். மறுநாள், ஒருவர், பெருமூச்சு. அதற்கு மறுநாள், ஒருவர், தும்மல், மூன்று முறை.

கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பது அவன் தொழில். பழிக்குப் பழி வாங்க அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"தூரத்துல பாக்கும்போது இடது கண்ணைச் சுருக்குறீங்க. பவர் இருக்கு. உங்க பன்னண்டு கொக்குல எத்தனை நிஜக் கொக்குன்னு சந்தேகமா இருக்கு."

"வாயையும் ஆட்டாதீங்க" என்றாள்.

ஒரு காலையில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். பதினெட்டு மாதத்தில் மாத்திரை இல்லாத முதல் தூக்கம். விழித்தபோது கட்டத்தில் எழுதியிருந்தாள். ஒருவர், குறட்டை. எரிச்சலாக வந்தது. கடைக்குப் போகும் வழியெல்லாம் அந்த எரிச்சல் கூடவே வந்தது... காலியாக இருந்த இடத்தில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி.

பிறகு ஒரு தூறல். அவள் எழுந்திருக்கவில்லை, கணக்கு முடியவில்லை. அவனும் எழுந்திருக்கவில்லை, விட்டுக்கொடுக்கக் கூடாது. ஏரி முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். தாய் முக்குளிப்பான் குஞ்சு ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு தளத்துக்கு அடியிலேயே வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி அவனைப் பார்த்தாள். இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. தினமும் நாற்பது கண் பார்க்கிறவன் அவன்... ஒரு கண் தன்னைப் பார்க்கும் என்பதை மறந்தே போயிருந்தான். பறவை போன பிறகுதான் கவனித்தான், கால் ஆடவில்லை. எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

அதையும் அக்கா மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள்.

மறுநாள் அவன் பெஞ்சில் உட்கார்ந்ததும் கால் தானாக ஆடியது. முக்குளிப்பான் முங்கியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பெருமூச்சு விட்டுப் பார்த்தான். இருமியும் பார்த்தான்.

"பரவால்ல... நீங்க உங்களுக்குத் தோணுற மாதிரி இருங்க" என்றாள். பஞ்சில் சுற்றிய குரல். இடையூறு கட்டம் காலியாக இருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. நேராக அக்கா வீட்டுக்குப் போனான். ஆமாம், முந்தின நாள் சாயங்காலம் ஏரி வாசலில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன் என்றாள் அக்கா. விபத்து, ஆஸ்பத்திரி, அவன் சாப்பிடாத நாட்கள், ஒன்று விடவில்லை. பாவம்டா, நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றாள்.

"ஊர்ல எல்லாரும் என்னைப் பாவம்னுதான் பாக்குறாங்க. அவ ஒருத்திதான் திட்டிட்டு இருந்தா. அதையும் கெடுத்துட்டியேக்கா."

இனி ஏரிக்குப் போக மாட்டேன், வேண்டுமானால் கல்யாணப் பேச்சை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தான். ஒன்பது நாள் போகவில்லை. வீட்டிலேயே பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் கால் ஆடியது. ஆட்டாதே என்று சொல்ல ஆளில்லை.

ஒன்பதாம் நாள் அக்கா வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள். கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

"எந்திரிச்சுப் போய் திட்டு வாங்கிட்டு வாடா" என்றாள்.

பத்தாம் நாள் போனான். அவள் பெஞ்சில் இருந்தாள். பைனாகுலர் மடியில் கிடந்தது. அவன் மறு ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்.

"என்னைப் பாவம்னு பாக்காதீங்க. அதைத் தாங்க முடியல. நீங்க திட்டுற பத்து நிமிஷத்துக்காகத்தான் நான் காலையில எந்திரிச்சேன்... அது எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

 அட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

ஒன்பது நாள் தாள்கள். கொக்கு, காலி. நீர்க்காகம், காலி. முக்குளிப்பான், காலி. கணக்கு எங்கே என்று அலுவலகத்தில் கேட்டு, மேலே ஒரு சிவப்புச் சுழி போட்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒன்பது நாளும் அவள் கையெழுத்து.

ஒருவர், வரவில்லை.

அவன் நிமிர்ந்தான். அவள் அதற்குள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தாள். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. பலகை மெல்ல அதிர்ந்தது... அவன் முழங்கால்தான்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றாள் அவள். "காலை ஆட்டாம உக்காருங்க."