அம்மாவின் மூன்று புள்ளிகள்

எனக்குச் சும்மா உட்காரவே வராது. காலை ஆட்டுவேன், விரலால் தாளம் போடுவேன், கைக்கு எது கிடைத்தாலும் திருகிக்கொண்டே இருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட மோசமாக இருந்தேன். காரணம், அம்மாவின் புள்ளிகள்.

எங்கள் ஊரில் ஓட்டுநர் உரிமத்துக்குப் பதிமூன்று புள்ளிகள். வேகமாகப் போய் மாட்டிக்கொண்டால் புள்ளி குறையும். எல்லாம் தீர்ந்தால் உரிமமே போய்விடும். அம்மாவிடம் மூன்றுதான் பாக்கி. அதிலும் அன்று, திங்கட்கிழமையும் சேர்ந்த நீண்ட வார இறுதி விடுமுறை ஆரம்பம். அந்த நாட்களில் ஒரு தப்புக்கு இரண்டு பங்கு புள்ளி போகும்.

அம்மா நிங்கன் நகர மருத்துவமனையில் நர்ஸ். மே மாதத்திலிருந்து விடிகாலை வேலை. இருட்டில் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். உரிமம் போனால் வேலையும் போகும். இல்லாவிட்டால் அப்பாவை இங்கே விட்டுவிட்டு நானும் அம்மாவும் நிங்கனுக்குக் குடிபோக வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

அம்மா வேகப் பைத்தியம் ஒன்றும் இல்லை. எங்கள் பழைய காரில் வேகம் காட்டும் முள் இருட்டில் கண்ணுக்கே தெரியாது. விளக்குப் போட்டாலும் மீட்டருக்குள் மின்மினி செத்துக் கிடப்பதுபோல் ஏதோ தெரியும், அவ்வளவுதான். போன வாரம் அப்பா மீட்டரைக் கழற்றி உள்ளே இருந்த பல்பையெல்லாம் மாற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"மெக்கானிக் செவ்வாய்க்கிழமைதான் கடை திறப்பான். நாளைக்கு ஒரு நாள் மெதுவாப் போயேன், கோரலீ" என்றார் அப்பா, அன்று காலை அம்மாவிடம்.

"மெதுவாத்தான் போறேன், கெவ்! நூத்திப்பத்துல வந்துட்டு, வழியில அந்தச் சின்ன ஊருக்குள்ள அறுபத்தஞ்சுக்குக் குறைச்சா, கார் ஊர்ற மாதிரி இருக்கு. அங்க ஐம்பதுதான் போகணும். எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா டீயை ஊதினார்.

அன்று மாலை பள்ளிப் பேருந்தில் எனக்கு முன் சீட். அது பரிசு இல்லை. பின்னால் உட்கார்ந்தால் ஆளையெல்லாம் இடிக்கிறேன் என்று ஓட்டுநர் நோயல் என்னை அங்கே மாற்றி வைத்திருந்தார்.

"ஏய் வெட்டுக்கிளி, காலை நிறுத்து. பஸ்ஸே ஆடுது" என்றார்.

"நோயல், உங்க மீட்டர் மட்டும் எப்படி இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?"

"இது பளிச்சா? இப்ப பாரு." கட்டைவிரலால் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரத்தை உருட்டினார். மீட்டர் வெளிச்சம் மெல்ல மங்கியது.

"ஏன் குறைச்சீங்க?"

"பொழுது சாயுதுல்ல? உள்ள வெளிச்சம் அதிகமா இருந்தா கண்ணாடியில அடிக்கும். அப்புறம் ரோட்டுல கங்காரு நிக்கிறது தெரியாது. முட்டினா கங்காருவும் காலி, நானும் காலி, நீயும் காலி."

"எல்லா வண்டியிலயும் இந்தச் சக்கரம் இருக்குமா?"

"அநேகமா இருக்கும். உங்க அப்பாகிட்ட கேளு."

பேருந்து நின்றதும் நான் ஓடியே வீட்டுக்குப் போனேன். நேராகக் கார் கொட்டகை. ஸ்டீயரிங்கைச் சுற்றித் தேடினேன். சக்கரம் இல்லை. இருந்ததெல்லாம் கார்ப்பெட்தான்.

அந்தக் கார்ப்பெட் அப்பாவின் பெருமை. வெயிலில் டேஷ்போர்டு வெடித்துவிடும் என்று, போன டிசம்பரில் கார் வாங்கிய வாரமே, கூடத்துக்குப் போட்டது போக மிஞ்சிய பழுப்புக் கார்ப்பெட்டை அவரே வெட்டிப் பசைபோட்டு ஒட்டினார். மீட்டருக்கு மட்டும் ஒரு ஓட்டை. வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

வலது ஓரத்தில் விரலால் தடவினேன். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு சின்னப் புடைப்பு இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா அமுக்கி ஒட்டியபோதே உள்ளே சக்கரம் கீழே உருண்டு வெளிச்சம் குறைந்திருக்கிறது. எங்கள் ஊரில் டிசம்பர்தான் கோடை; அப்போது பொழுது நீளம், அம்மாவுக்கும் பகல் வேலை. யாரும் கவனிக்கவில்லை.

அப்படியே பிய்த்து எறிய என் கை துடித்தது. 'எல்லாம் உங்களாலதான்!' என்று கத்தவும் வாயெடுத்தேன். ஆனால் போன வாரம் முழுக்க அப்பா சரியாகச் சாப்பிடவே இல்லை. அதை நான் பார்த்திருந்தேன்.

அடுப்படிக்குப் போனேன். "அப்பா, உங்க கார்ப்பெட்டுக்கு இன்னொரு ஓட்டை வேணும்போல இருக்கு. கத்தி எங்க?"

"என்ன ஓட்டை?"

"வாங்களேன்."

அப்பா புடைப்பைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே தலையை ஸ்டீயரிங்கில் சாய்த்தார். ஹாரன் அலறியது. நாய் குரைத்தது.

"டார்சி, நான் ஒரு முட்டாள்."

"ஓட்டையை மட்டும் வட்டமா வெட்டுங்க முட்டாளே, கோணலா இருந்தா அசிங்கமா இருக்கும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட்டமாகவே வெட்டினார். என் நகத்தளவு கறுப்புச் சக்கரம் எட்டிப் பார்த்தது. நான் விளக்கைப் போட்டுவிட்டு அதை மேலே உருட்டினேன்.

ஒன்றும் ஆகவில்லை.

திரும்ப உருட்டினேன். ஒருமுறை மினுக்கென்று எரிந்து அணைந்தது.

"உள்ள செம்மண் தூசி அடைச்சிருக்கும். போச்சு, செவ்வாய்க்கிழமைதான்" என்றார் அப்பா. முகம் தொங்கிப்போய் வீட்டுக்குள் போனார்.

எனக்குப் போக மனமில்லை. ஒருமுறை மினுக்கியதே! மேலே, கீழே, மேலே, கீழே என்று உருட்டிக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் வலித்தால் ஆள்காட்டி விரல். அதுவும் வலித்தால் இடது கை. நூறு வரை எண்ணினேன். மினுக். இருநூறு. மினுக், மினுக். முந்நூற்றுப் பன்னிரண்டில் மீட்டர் முழுக்கப் பச்சை வெளிச்சம் வந்தது. தூசி உதிர்ந்துவிட்டது போலும், அப்புறம் அணையவே இல்லை.

"அப்பா! அம்மா!" என்று கத்தினேன். நாய்தான் முதலில் வந்தது.

மறுநாள் விடிகாலை அம்மாவோடு நானும் கிளம்பினேன். நிங்கனில் லோரா அத்தை வீட்டில் விளையாட என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியாது.

அம்மா வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தாள். "கங்காருவும் தெரியணும், முள்ளும் தெரியணும்." இப்போது இரண்டும் தெரிந்தன.

பாதி வழியில் அந்தச் சின்ன ஊர் வந்தது. அம்மா வேகத்தைக் குறைத்தாள். கார் ஊர்வதுபோல்தான் எனக்கும் இருந்தது. மீட்டரைப் பார்த்தேன். அறுபத்துநான்கு.

"அம்மா!"

"பார்த்துட்டேன், பார்த்துட்டேன்." இன்னும் குறைத்தாள். அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது.

தானியக் கிடங்குக்குப் பின்னால் போலீஸ் கார் நின்றிருந்தது. என் கால் தானாக ஆடத் தொடங்கியது. முள் ஐம்பதிலேயே நின்றது.

எங்கள் பக்கத்துச் சாலையில் எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது வழக்கம். போலீஸ்காரருக்கு மட்டும் அம்மா இதுவரை தூக்கியதில்லை. இன்று அவரைத் தாண்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக ஒரு விரலைத் தூக்கினாள்.

அவரும் ஒரு விரலைத் தூக்கினார்.