விட்டுவிட்டு வந்தவர்கள்

"ஹலோ... அந்தப் பையைத் தொடாதீங்க!"

முதுகுக்குப் பின்னால் வந்த குரலில் அவள் கை அப்படியே நின்றது. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த நீலப் பையைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலில் வைக்கப் போனவள், சட்டென்று திரும்பினாள்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றான் அவன். ஒரு கையில் வாளி, தோளில் சுருட்டிய மெத்தை. முன்முடியிலிருந்து மழைத்தண்ணீர் மூக்கு நுனிக்கு வழிந்துகொண்டிருந்தது. மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள்... சண்டைக்கு வருகிறவனுக்கு இப்படிச் சிரிக்கிற கண்கள் இருக்கவே கூடாது.

"இது உங்க பையா?"

"என் அக்கா மகளோடது. அந்தக் கட்டில் அவளுக்கு. முதல்லயே இடம் போட்டாச்சு."

"பைதான் வந்திருக்கு, ஆளைக் காணோமே! என் தங்கச்சிக்கு மூச்சிரைப்பு உண்டு. அவளுக்குக் காத்து வேணும்."

"எங்க பொண்ணுக்குக் கண்ணு பவர் ஜாஸ்தி. வெளிச்சம் வேணும்."

"வெளிச்சத்துக்கு லைட்டு இருக்கே!"

"காத்துக்கு ஃபேன் இருக்கே!"

அவள் இடுப்பில் கை வைத்தாள். அவன் மெத்தையைத் தொப்பென்று இறக்கினான். மகளிர் விடுதியில் ஆண்களை அனுமதிப்பதே இந்த ஒரு நாள், அதுவும் மதியம் வரைதான். அதற்குள் இவ்வளவு அதிகாரமா?

வராந்தாவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் தோளோடு தோள் உரசியபடி உள்ளே வந்தார்கள். ஒருத்தி அவளுடைய தங்கை சிட்டு. இன்னொருத்தி தடிமனான கண்ணாடியும் ரெட்டைச் சடையுமாக இருந்தாள். அவன் அக்கா மகள் அவள்தான் என்பது சொல்லாமலே புரிந்தது; 'வாலு' என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா! இவதான் என் ரூம்மேட். கேண்டீன்ல பார்த்தேன். செம ஜாலி!"

"மாமா, நாங்க ரெண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டுக்கப் போறோம். கொஞ்சம் தள்ளித் தர்றீங்களா?"

பெரியவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைத் தள்ளினார்கள்.

கிளம்பும் நேரம் வந்தது. அவள் சிட்டுவின் தலையைத் தடவினாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, இந்தச் சிட்டுக்குத் தலைவாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்குக் கண்விழித்து... எல்லாம் இவள்தான். இன்றைக்கு அரை நாள் பயணத்தூரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"ஈரத் தலையோட வகுப்புக்குப் போகாதே. இன்ஹேலர் எப்பவும் பையில இருக்கட்டும். யார் எது கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிட்டுடாதே. எழுந்ததும் போன் பண்ணு. வகுப்பு முடிஞ்சதும் பண்ணு. படுக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பாப் பண்ணு..."

"அக்கா, அப்போ நான் எப்போ படிக்கறது?"

பக்கத்தில் அவன் தன் அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

"முதல் ஒரு வாரம் வீட்டுக்குப் போனே பண்ணாதே. அழுகை வரும். வந்தா பக்கத்துக் கட்டில்ல இருக்கறவகிட்ட சொல்லி அழு. எங்ககிட்ட அழுதா, இங்கே கண்ணைத் துடைக்க ஆள் கிடைக்காமப் போயிடும்."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. "நல்லா இருக்கே! இப்படிக்கூடவா கல் மனசா இருப்பாங்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்களில் இருந்த சிரிப்பு மட்டும் ஒரு நொடி அணைந்து, மறுபடி எரிந்தது.

பேருந்தில் ஒரே ஒரு இருக்கைதான் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் யார்... அவனேதான்!

"உட்காருங்க. இந்த ஜன்னலுக்கு நான் சண்டை போட மாட்டேன்" என்று எழுந்து உள்பக்கம் இடம் விட்டான்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கியது. விடுதியின் மஞ்சள் சுவர் கரைந்து, மங்கி, மறைந்தது. அவள் போனை எடுத்தாள். சிட்டு எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அழக் கூடாது... இந்த ஆள் முன்னால் கண்டிப்பாக அழக் கூடாது...

ஒரு கைக்குட்டை நீண்டது.

"கண்ணாடி துடைக்கிற துணி. கண்ணைத் துடைக்கவும் ஆகும். எங்க கடையில சும்மாவே கொடுக்கறது."

"உங்க கடையா?"

"மூக்குக் கண்ணாடிக் கடை. கண் பரிசோதனையும் நானே பண்றேன். நீங்க?"

"ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறேன்."

"அடேயப்பா! நான் கண்ணோட நிறுத்திக்கறவன். நீங்க எலும்பு வரைக்கும் பார்க்கறவங்க. அதான் என் மனசு கல்லுன்னு உடனே கண்டுபிடிச்சுட்டீங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உதடு கேட்கவில்லை. இருவரும் ஒரே ஊர் என்பது அடுத்த நிறுத்தத்தில் தெரிந்தது. அவனுடைய கடை அவள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பது அதற்கடுத்த நிறுத்தத்தில் தெரிந்தது.

மழை விட்டு, மேகத்துக்கு அடியில் சாயங்கால வெயில் எட்டிப் பார்த்தபோது அவனே பேசினான்.

"நானும் ஒரு காலத்துல இப்படித்தான் பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். இன்ஜினியரிங். அம்மா தினமும் போன்ல அழுவாங்க. நானும் அழுவேன். ஒரு நாள், 'போதும்டா, வந்துடு'ன்னு சொன்னாங்க. வந்துட்டேன். அம்மா மேல தப்பில்ல... பாசம்தான். ஆனா அன்னைக்கு யாராவது ஒருத்தர், 'இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாருடா'ன்னு சொல்லியிருந்தா..."

வாக்கியத்தை முடிக்காமல் சிரித்தான். அவளுக்கு ஏனோ அந்தக் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு... எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. சிட்டு போன் எடுக்காத ஒரு நாள், பேருந்தில் வாங்கி வைத்த எண்ணுக்கு அவள் கூப்பிட, அவன் வாலுவிடம் விசாரித்து, "ரெண்டு பேரும் தூங்கிட்டாங்களாம். நீங்களும் போய்த் தூங்குங்க எக்ஸ்ரே மேடம்" என்று செய்தி சொன்னான். மறுநாள் அவள் நன்றி சொல்லக் கூப்பிட்டாள். அதற்கு மறுநாள் கூப்பிட எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் அவர்கள் சந்திப்பது வழக்கமாயிற்று. டீ ஆறும். பேச்சு ஆறாது. 'சட்டையைக் கழட்டுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று நாள் முழுக்கச் சொல்லியே அலுத்தவள், அவன் எதிரில் வந்து நிற்கும்போதெல்லாம் தன் மூச்சைத்தான் இழுத்துப் பிடித்தாள்.

ஆனால் வீடு... வீடு அவளைத் தின்றது. கதவைத் திறந்ததும் முகத்தில் அறைகிற அமைதி. ஒரு தட்டு, ஒரு தம்ளர். "வீடே வெறிச்சுன்னு கிடக்குடி சிட்டு. சமைக்கவே பிடிக்கல" என்று தினமும் தங்கையிடம் சொல்லுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சிட்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"அக்கா... என்னைக் கூட்டிட்டுப் போயிடு. நம்ம ஊர்லயே ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கறேன்..."

அவ்வளவுதான். லீவு சொல்லிவிட்டுப் பையோடு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். அங்கே, மூச்சிரைக்க அவன் வந்து நின்றான். வாலு சொல்லியிருக்கிறாள்.

"போங்க. போய்ப் பாருங்க. ஆனா கூட்டிட்டு மட்டும் வந்துடாதீங்க."

"அவ அழறா!"

"அழட்டும். அழுது முடிக்கட்டும். நீங்க இப்போ யாருக்காகப் போறீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? அவளுக்காகவா... இல்ல, உங்க வீடு காலியா இருக்கேன்னா?"

சுருக்கென்று தைத்தது. உண்மையாக இருந்ததால்தான் அப்படித் தைத்தது. அது அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

"என் தங்கச்சி விஷயத்துல தலையிட நீங்க யாரு? படிப்பைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தவர்தானே... உங்களுக்கு என்ன தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அவன் முகம் வெளுத்தது. நம்பி ஒப்படைத்த ஒன்றை எடுத்து அவன் மேலேயே வீசிவிட்டாளே...

"பார்த்துப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

கூப்பிட வேண்டும் போல் இருந்தது. கூப்பிடவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது.

விடுதிப் பார்வையாளர் அறையில் அக்காவைக் கண்டதும் சிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் தோளில் கை வைத்தபடியே, "துணியெல்லாம் எடுத்து வை, கிளம்பலாம்" என்றாள் இவள்.

சிட்டு நகரவில்லை.

"என்னடி? யாராவது ஏதாவது சொன்னாங்களா? பாடம் புரியலையா?"

"இல்லக்கா. பாடம் நல்லாப் பிடிச்சிருக்கு. வாலு இருக்கா. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க..."

"அப்புறம் எதுக்கு அழுத?"

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். "இங்கே எல்லாரோடயும் உட்கார்ந்து சிரிச்சுச் சாப்பிடுவேன். அப்போ நீ போன் பண்ணி, 'சமைக்கவே பிடிக்கல'ன்னு சொல்லுவ. எனக்குத் தொண்டையில இறங்காது. நான் இங்கே சந்தோஷமா இருந்தா அது உனக்குப் பண்ற துரோகம் மாதிரி இருக்குக்கா..."

இத்தனை நாள் தங்கை அழுவாளோ அழுவாளோ என்று பயந்தாளே... அழ வைத்தவளே இவள்தானா?

தங்கையின் கன்னத்தைத் துடைத்தாள். தன் கன்னத்தையும் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நிறைய புத்தி சொன்னேன். அதுல பாதியை மறந்துடு. இன்ஹேலரை மட்டும் மறக்காதே."

சிட்டு அழுகைக்கு நடுவே களுக்கென்று சிரித்தாள்.

"வயிறு நிறையச் சாப்பிடு. நல்லாச் சிரி. பிடிச்சதைப் படி. புரியலன்னா வெட்கப்படாம கையைத் தூக்கிக் கேளு. அக்காவைப் பத்திக் கவலைப்படறது உன் பாடத்துலயே இல்ல. அதை அக்கா பார்த்துப்பா. சரியா?"

"நிஜமா சமைச்சுச் சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன்டி. குண்டாகி வந்து நிப்பேன், பாரு."

வாசல் வரைக்கும் வந்த சிட்டு, குறும்பாகக் கேட்டாள். "அக்கா... வாலுவோட மாமாகிட்ட சண்டை போட்டுட்டியாமே?"

"யாருடி சொன்னது?"

"அவர் சொல்லல. வாலு என்ன கேட்டாலும் 'ஒண்ணுமில்ல'ன்னாராம். அதுலயே தெரிஞ்சு போச்சாம்."

ஊர் திரும்பியவள் நேராக அந்தக் கடைக்குப் போகவில்லை. கால் வரவில்லை. சனி போனது, ஞாயிறு போனது. மன்னிப்புக் கேட்பது இவ்வளவு கனமான வேலையா? திங்கட்கிழமை எக்ஸ்ரே அறையில், கை முறிந்த ஒருவரின் காலைப் படம் எடுக்கப் போய், "அம்மா, அடிபட்டது கையிலம்மா!" என்று அவர் அலறிய பிறகுதான்... இனி தாங்காது என்று புரிந்தது.

மாலையில் தூறலில் நனைந்துகொண்டே போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடிகள். அத்தனை கண்ணாடிகளுக்கும் நடுவில், தலையைக் குனிந்து ஒரு சின்னத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான் அவன். நிமிர்ந்தான். திருகாணி கை நழுவி எங்கேயோ உருண்டது.

"சிட்டு எங்கே?" அதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"காலேஜ்ல. அங்கேதான் இருக்கா. அங்கேதான் இருப்பா."

அவன் கண்கள் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது கேவலமான வார்த்தை. நீங்க சொன்னது சரி. அது சரின்னு தெரிஞ்சதாலதான் அவ்வளவு கோபம் வந்துச்சு. என்னை... மன்னிச்சிடுங்க."

"நானும் இடம், பொருள் பார்க்காம நடு ரோட்டுல நின்னு கேட்டிருக்கக் கூடாது." அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உட்காருங்க. நனைஞ்சிருக்கீங்க."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

"இன்னொண்ணும் சொல்லணும். இந்த மூணு நாளும் போன் அடிச்சப்போ எல்லாம் சிட்டுவான்னு பார்க்கல... நீங்களான்னுதான் பார்த்தேன். எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

வெளியே தூறல் வலுத்தது. அவன் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தான். பிறகு, மெல்லிய குரலில், பயந்து பயந்து கேட்டான்.

"தங்கச்சி இல்லாம வீடு காலியா இருக்கறதால தோணுதோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

"யோசிச்சுட்டேன். வீடு காலியா இருக்கேன்னு சொல்லல. சிட்டு இருந்து, வீடு நிறைஞ்சிருந்தாலும், நான் இதைச் சொல்ல இங்கே வந்திருப்பேன்."

அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அருகில்... இன்னும் அருகில். ஊரார் கண்களையெல்லாம் அசராமல் பார்க்கிறவனுக்கு, இந்த இரண்டு கண்களைப் பார்க்க மட்டும் இமை படபடத்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றீங்களா? அம்மா இருப்பாங்க. அக்காவும் இருப்பாங்க."

"வர்றேன். என்னை யாருன்னு சொல்வீங்க?"

"நான் கட்டிக்கப் போற பொண்ணுன்னு சொல்லலாமா?"

அவள் வெட்கத்தில் தரையைப் பார்த்தாள். காதோரம் சூடேறியது. ஆனால் குரல் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"அப்படியே சொல்லுங்க."