ஐந்தாம் கட்டிலின் கைரேகை

"ஐயோ சிஸ்டர்... ஓடி வாங்க! அஞ்சாம் கட்டில்... விரலு நீலமாப் போச்சு!"

ஆயாவின் அலறல் முதியோர் இல்லத்தின் வராந்தா முழுக்கக் கேட்டது.

மணி பிற்பகல் மூன்றே கால்.

ஹெட் நர்ஸ் ஓடவில்லை. ஓடுகிற முழங்கால் இப்போது அவளிடம் இல்லை. இருபத்தொன்பது வருட சர்வீஸ் அதைத் தின்றுவிட்டது. முடிந்த மட்டும் வேகமாக நடந்தாள்.

விரல் நீலமானால் மூச்சு போகிறது என்று அர்த்தம்!

ஐந்தாம் கட்டில். மூக்கையும் வாயையும் மூடிய மருந்துப் புகை மாஸ்க். அதற்கு மேலே மூடிய கண்கள். கட்டில் கம்பியில் ஒரு கறுப்புக் குடை.

இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு விரல்கள் நல்ல நிறம். கட்டைவிரல் மட்டும் நீலம்.

ஒரு விரல் மட்டும் தனியாகச் சாகுமா என்ன?

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தாள். நீலம் பஞ்சில் ஏறியது.

மை!

"உசிருக்கு ஒண்ணுமில்ல. தூக்கத்துல யாரோ கைநாட்டு வாங்கியிருக்காங்க."

"அடப்பாவிங்களா!"

ஹெட் நர்ஸ் அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். பிறகு கட்டிலில் தொங்கிய பெயர் அட்டையை. பிறகு ஆயாவை.

ஆயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலைலதான் சிஸ்டர்... அவங்களே கேட்டாங்கன்னு..."

"வாயைத் தொறக்காத. யார் கேட்டாலும்!"

வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். இரண்டு இருபதுக்கு ஒருவர். 'ஐந்தாம் கட்டில். மகன்.'

ஐந்தாம் கட்டில், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவருடையது. எல்லோருக்கும் அவர் 'கார்டு ஐயா'. கால் சரியானதும் சொந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று தினமும் ஒருமுறை சொல்வார். அவர் மூச்சு ஓடுவதே அந்த வீட்டை நினைத்துத்தான்.

நான்கு வருடமாக எட்டிப் பார்க்காத மகன் இன்று வந்திருக்கிறான்!

இன்டர்காம் கிணுகிணுத்தது.

"சிஸ்டர், என் ரூமுக்கு வாங்க. ஒரு சின்ன கையெழுத்து," என்றார் மேனேஜர்.

சின்ன கையெழுத்து என்று எவர் சொன்னாலும் அதில் பெரிய வில்லங்கம் இருக்கும். அவளுக்குத் தெரியாததா?

மேனேஜர் எதிரே மகன். ஐம்பது வயது. காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மேஜையில் தானப் பத்திரம். அப்பாவின் வீடு மகனுக்கு. கீழே பளிச்சென்று ஒரு கட்டைவிரல் ரேகை. நடுவில் ஒரு வரியும் இருந்தது... 'கைரேகை வைத்த என்னை என் ஆயுள் முழுக்க மகன் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டியது.'

"சுயநினைவோடதான் வச்சார்னு நீங்க சாட்சி போடணும்," என்றான் மகன். "அடுத்த மாசம் வீட்டை இடிக்க ஆள் வருது."

"எதுக்குக் கைரேகை? அவர் படிச்சவராச்சே!"

"கை நடுங்குது சிஸ்டர். பேனாவே பிடிக்க முடியல."

தினமும் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பி முடிக்கிற கை!

"ரிட்டயர்மென்ட்டுக்குப் பத்து மாசம்தானே இருக்கு?" மேனேஜர் கனிவாகத்தான் கேட்டார். "எதுக்கு வம்பு? போட்டுடுங்க."

அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. போன வருடம் இரண்டாம் கட்டில் அம்மாவுக்கும் இப்படித்தான் ஒரு கையெழுத்து. போட்டாள். வீடு போன செய்தி கேட்ட அந்த அம்மா அதற்குப் பிறகு யாரிடமும் பேசவே இல்லை.

பேனாவை எடுத்தாள். மூடினாள்.

"அப்பா முகத்தை நல்லாப் பாத்தீங்களா?"

"பாக்காம? 'அப்பா, வீட்டை எனக்கே குடுத்துடறீங்களா'ன்னு கேட்டேன். கண்ணைத் தொறந்து தலையாட்டினார். எனக்கே அழுகை வந்துடுச்சு!"

ஹெட் நர்ஸ் இன்டர்காமை எடுத்தாள்.

"ஆயா... ஆறாம் கட்டில்ல இருக்கறவரை வீல்சேர்ல கூட்டிட்டு வா."

"ஆறாம் கட்டில் எதுக்கு?"

"சாட்சிக்கு. நீங்க ரேகை எடுக்கறப்ப அவர் பக்கத்துலயே முழிச்சுட்டு இருந்தார்."

மகனின் கால் ஆட்டம் நின்றது.

வீல்சேர் வந்தது. மடியில் குறுக்கெழுத்து. காதில் பென்சில். தலை ஒட்ட வெட்டியிருந்தது. திங்கள்தோறும் முடிவெட்டுபவர் ஒரே மிஷினை வரிசையாக ஓட்டிவிட்டுப் போவார். அங்கே எல்லோருக்கும் ஒரே தலை.

மகன் எரிந்து விழுந்தான்.

"இந்தப் பெருசு சொல்றதெல்லாம் ஒரு சாட்சியா? குடும்ப விஷயம் பேசறோம்... வெளிய தள்ளிட்டுப் போங்க!"

பெரியவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். கொஞ்சமும் நடுங்காத கை.

"நாலு வருஷத்துல நான் அவ்வளவாடா மாறிட்டேன்?"

அந்தக் குரல்!

மகன் முகத்தில் ஈயாடவில்லை.

"அ... அப்பா?"

"ரெண்டு இருபதுக்கும் இப்படியேதான் கூப்பிட்ட. ஆசையாத் திரும்பினேன். நீ பக்கத்துக் கட்டில் குடைக்காரரைப் பாத்துக் கூப்பிட்டுட்டு இருந்த. கட்டில்ல தொங்கின பேரைத்தான் படிச்ச. மூஞ்சியைப் பாக்கல."

ஹெட் நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றவனுக்கு வரக் கூடாத நிலைமை.

மேனேஜர் எகிறினார். "கட்டில் மாத்தறது ரூல்ஸுக்கு விரோதம்! மருந்து மாறிப்போனா யாருக்குப் பதில் சொல்றது? யார் மாத்தினது?"

ஆயா வீல்சேருக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நான்தான்," என்றாள் ஹெட் நர்ஸ். "ஆறாம் கட்டில் ஃபேன் ஓடி ரெண்டு வாரமாச்சு. குடைக்காரருக்கு மூச்சு முட்டுதுன்னு கார்டு ஐயா தன் கட்டிலை விட்டுக்குடுத்தார். அட்டையை மாத்தாதது தப்புதான். மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். கையெழுத்து மட்டும் கெடைக்காது... போலீஸ் கேட்டா அந்த மைப் பஞ்சு என்கிட்ட பத்திரமா இருக்கு!"

போலீஸ் என்ற சொல் மேனேஜருக்கு நன்றாகவே புரிந்தது. பத்திரத்தை ஒரு விரலால் மகன் பக்கம் தள்ளிவிட்டார்.

மகன் அதைக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காதடா!" கார்டு ஐயாவின் பென்சில் அந்த வரியைத் தொட்டது. "குடைக்காரருக்கு வீடு இல்ல, வாசல் இல்ல, கேக்க ஒரு நாதியும் இல்ல. ஆனா கைரேகை வச்சவரை ஆயுசு முழுக்கக் காப்பாத்தறேன்னு நீயே எழுதிக் கொண்டாந்திருக்கியே... குடையை எடுத்துக்க, அவரையும் கூட்டிட்டுப் போ. கொறட்டை கொஞ்சம் பலமா இருக்கும்... பழகிக்கோ!"