இடுப்பில் இருந்த பாப்பா

மதியச் சாப்பாடு முடிந்ததும் கோவை சிகிச்சைக் கூடத்தில் பிள்ளைகள் நடக்கத் தொடங்குவார்கள், தூங்கியபடியே. கட்டில்களில் போர்வைக்குள் சின்னக் கால்கள் அசையும். குளத்தின் மேல் காற்று போவதுபோல் போர்வைகள் மெல்ல நெளியும்.

எல்லோர் நெற்றியிலும் கனாப்பட்டை. மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைக்குத் தசை இருக்கிறது. மூளையின் கட்டளைதான் வழியில் குழம்பிப்போகிறது. நன்றாக நடக்கும் ஒருவரின் நடையைப் பதிவுசெய்து, தூக்கத்தில் பிள்ளைக்குக் கொடுக்கும் அந்தப் பட்டை. காலில் மாட்டிய இறுக்கமான காலுறை அந்த அசைவை எதிர்த்து இழுக்க, தசை வலுவாகும். மீதிக் கனவைப் பிள்ளையின் மூளையே நெய்துகொள்ளும்.

எட்டு வயது இளவெயினிக்கு ஓட்டக்காரி ஒருத்தியின் நடையைக் கொடுக்கலாம் என்றாள் இயன்முறை மருத்துவர் பெனிட்டா. தாய் சிந்துஜா ஒப்பவில்லை. பெற்றவள் நடை இருக்கும்போது ஊரார் நடை எதற்கு என்று கேட்டாள். பதிவின்போது எதையும் சுமக்கக் கூடாது என்பது விதி. இடுப்பிலிருந்த மகளை நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பையையும் வைத்துவிட்டு நடந்து காட்டினாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. இளவெயினியின் தொடைகள் திரண்டன. கூடத்துக் கருவி தசையின் வலுவை மட்டுமே அளந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒருநாள் அவள் பிடித்து நடக்கும் கம்பியை விட்டுவிட்டு நடந்தாள்.

கைதட்டப் போன பெனிட்டா நின்றுவிட்டாள். குழந்தையின் இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. உடம்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கை மடங்கி, இல்லாத எதையோ அணைத்திருந்தது.

இப்படியே வளர்ந்தால் முதுகெலும்பு வளைந்துவிடும், புதுப் பதிவு வேண்டும் என்றாள் பெனிட்டா. சிந்துஜா மறுபடி நடந்தாள். அதே சாய்வு.

"இறக்கி வெச்சுட்டு நடங்கக்கா."

"இறக்கி வெச்சுட்டுத்தானுங்க நடக்கறேன்."

இருவரும் நாற்காலியைப் பார்த்தார்கள். இளவெயினி அங்கேதான் இருந்தாள், காலாட்டிக்கொண்டு.

வேறு வழியில்லை, ஓட்டக்காரியின் பதிவைப் போட்டுப் பழையதை அழிக்கலாம் என்றாள் பெனிட்டா. சிந்துஜா சரியென்று தலையசைத்தாள்.

"அழிச்சா அந்தப் பாப்பா?" என்றாள் இளவெயினி.

"எந்தப் பாப்பா கண்ணு?"

"கனவுல நான் தூக்கிட்டு நடப்பனே, அது. ரொம்பக் கனம். ஆனா விட்டா விழுந்துரும்மா."

சிந்துஜா மகளின் முன்னால் மண்டியிட்டாள்.

"இறக்கி விடு சாமி. அவ நடந்துக்குவா."

இளவெயினி எழுந்தாள். முழங்காலை மடக்கி, இல்லாத குழந்தையை மெதுவாகத் தரையில் நிற்கவைத்தாள். கொஞ்சம் நிமிர்ந்தாள். ஜன்னல் வெயிலை நோக்கி நடந்தாள், இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு.

"இப்ப நீங்கக்கா," என்றாள் பெனிட்டா.

சிந்துஜா எழுந்து நின்றாள். அவள் இடது கை மட்டும் இடுப்பை விட்டு வரவில்லை.