மஞ்சள் படிந்த கண்கள்

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

தூறலில் ஸ்கூட்டரோடு சாலையோரச் சேற்றில் சாய்ந்து கிடந்தவள் போட்ட சத்தத்தில், 'எல்' போர்டு மாட்டிய கார் குலுங்கி நின்றது. ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த பெண் ஸ்டியரிங்கை விடாமல் அழத் தயாரானாள். பக்கத்து இருக்கையிலிருந்து டிரைவிங் மாஸ்டர் இறங்கினான். நல்ல உயரம். நெற்றியில் நனைந்த முடி. இறங்கியவன் லேசாகத் தள்ளாடி, கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஸாரிங்க... தப்பு என்னோடதுதான். என் பக்கத்து பிரேக்கை நான் முன்னாடியே மிதிச்சிருக்கணும்."

விழுந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அழகான கண்கள்தான்... நீண்ட இமைகள், இமை நுனியில் மழைத்துளி. ஆனால் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்! அந்த மஞ்சளை அவளுக்கு நன்றாகத் தெரியும். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, அம்மாவையும் அவளையும் அம்போவென்று விட்டுப்போன அப்பாவின் கண்களில் பார்த்தது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு, ஊருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறீங்களாக்கும்? வெக்கமா இல்ல?"

அவன் முகம் சுருங்கிப்போனது. "நான் குடிக்கிறதில்லைங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க!"

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். போனவளுக்கு அந்தக் கண்கள் மட்டும் ஏனோ கூடவே வந்தன.

மறுநாள் காலை, அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் நாற்காலியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவனைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மாஸ்டர்!

"ஊசியைக் கொஞ்சம் பாத்துக் குத்துங்க மேடம். நேத்து வாயாலயே நல்லா குத்திட்டீங்க."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சீட்டில் டாக்டர் ஈரலுக்கான சோதனைகளோடு ஏ.என்.ஏ. என்றும் எழுதியிருந்தார்.

"இது எதுக்குங்க?" என்றான், அதைக் காட்டி.

"உடம்புக்குள்ள கிருமியை அடிக்க ஒரு படை இருக்கும். சில பேருக்கு அந்தப் படை ஆள் தெரியாம சொந்த உறுப்பையே அடிக்க ஆரம்பிச்சிடும். ஈரலைக்கூட விடாது. அந்த மாதிரி ஏதாவது நடக்குதான்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட்."

"ஓஹோ... ஒண்ணுமே விசாரிக்காம, தப்பா நெனச்சுக்கிட்டு அடிக்கிறது. நேத்து ரோட்டுல ஒருத்தங்க பண்ணினாங்களே, அப்படி!"

அவளுக்குக் காது வரை சிவந்தது. அவனோ சட்டென்று குரலைத் தாழ்த்தினான்.

"டிரைவிங் ஸ்கூல் ஓனரும் உங்களை மாதிரிதான் நெனைக்கிறார். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காரைத் தொடாதேன்னுட்டார். குடிதான் காரணம்னு வந்தா வேலை போச்சு... சத்தியமா ஒரு சொட்டு தொட்டதில்லைங்க."

நம்பு, நம்பு என்றது மனசு. அப்பாவும் இப்படித்தான் சத்தியம் செய்வார் என்றது அறிவு. பாவி மனுஷன், மகள் தலையில் அடித்துக்கூடச் சத்தியம் செய்வாரே!

இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தாள். அவன் ரத்தத்தின் தெளிநீரை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, செல்கள் பதித்த கண்ணாடித் தகட்டில் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்தாயிற்று. தகட்டில் ஒளி இருந்தால் படை வழிதவறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இத்தனை வருடத்தில் யாருக்கும் நோய் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டியதில்லை. இன்று வேண்டினாள். 'கடவுளே... ஒளிரட்டும்!'

குனிந்தாள். கருப்பில் வட்ட வட்டமாய்... பச்சை! பளிச்சென்ற பச்சை!

"என்னடி இது, பாசிட்டிவைப் பாத்துட்டு இளிக்கிற?" இரண்டாவதாகப் பார்த்துச் சொல்ல வந்த சீனியர் அக்கா அவளை இடித்தாள். "நல்லா இருக்கறவங்களுக்குக்கூட லேசா ஒளிரும். ஆனா இது இவ்வளவு நீர்த்தும் ஜொலிக்குதே... இதை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. மத்த ரத்த டெஸ்டும், ஈரல்ல துளி சதை எடுத்துப் பாக்கறதும் இருக்கு. டாக்டர் பாத்துப்பார். நீ வாயைத் திறக்காதே!"

வெளியே வராந்தாவில் அவன் காத்திருந்தான். "ஏதாவது தெரிஞ்சுதா?"

சொல்ல வாயெடுத்தாள். விழுங்கினாள். "டாக்டர் சொல்வாரு."

"குடிகாரன்கிட்ட என்ன பேச்சுன்னு நெனைக்கறீங்க... புரியுது."

திரும்பி நடந்தான். கொட்டும் மழையில் குடைகூட இல்லாமல் போகிறவனைக் கூப்பிட முடியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை அழுகையாக வந்தது.

அப்புறம் அவன் வரவே இல்லை. அவளும் சாலையில் போகிற 'எல்' போர்டு கார்களையெல்லாம் எட்டிப் பார்க்கிற பைத்தியமாகிப் போனாள். மழைக்காலமும் முடிந்துவிட்டது.

ஒரு நாள் காலை...

"பாத்துக் குத்துங்க மேடம்."

துள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள். அவனேதான்! மாத்திரையில் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கண்கள்... அடடா, வெள்ளை வெளேரென்று!

"குடி இல்லைங்க. நீங்க சொன்ன அந்த ஆள் தெரியாத படைதான். எல்லா டெஸ்டும் பாத்துட்டு உறுதியாச் சொல்லிட்டாங்க. மருந்துல அடங்கியிருக்கு, இனி அப்பப்ப ரத்தம் பாக்கணுமாம். ஓனரும் காரைக் குடுத்துட்டார்."

அப்பாடா! அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

"மன்னிச்சிடுங்க... அன்னைக்கு ரோட்டுல..."

"நானும்தான். ரிப்போர்ட்டை லேப்ல சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுது. ஆள் தெரியாம அடிச்சதுல நாம சரிக்குச் சரி." ஊசியைப் பார்க்காமல் அவளையே பார்த்தான். "ஒண்ணு கேக்கட்டுமா? உங்களைக் கட்டிக்கணும்னு ஆசை. வாழ்நாள் பூரா மாத்திரையோட இருக்கறவன்... யோசிச்சுச் சொல்லுங்க."

பஞ்சை அவன் கையில் அழுத்தியவள் எடுக்க மறந்தாள்.

"வீட்டுக்கு வாங்க. உங்க உடம்பைப் பத்தி மட்டும் அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் வெளிய மூச்சு விடக் கூடாது."

"அம்மாகிட்ட என்னைப் பத்திப் பேசிட்டீங்களா? என்ன சொன்னீங்க?"

"கண்ணு ரொம்ப அழகா இருக்கும்னு மட்டும்தான்..."

"பொய்! இப்பத்தானே வெள்ளையாச்சு?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"மஞ்சளா இருந்தப்பவே சொல்லிட்டேன்."