பகல் பன்னிரண்டுக்கு மாற்று ஆள்

பம்பில் என் முறையை முடித்துவிட்டு சுரங்கத்து ஆபீசுக்குள் நுழைந்தேன். எவாரிஸ்தோ மேஜையில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்கு ஷிஃப்ட் போடுகிறவன் அவன். மறுநாள் கல்லறைத் திருநாள். எனக்கு ஆச்சரியமே இல்லை.

பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். அரை நாள் நின்றாலும் அடித்தளத்தில் தண்ணீர் ஏறிவிடும், சுரங்கத்தை மூடிவிடுவார்கள், மலைமேல் இருக்கும் எங்கள் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான். சுழற்சிக்கு நாலு பேர் தேவை. நாலாமவன் தியோஃபிலோ, நெஞ்சில் கல்தூசி அடைத்து மார்ச்சில் செத்துப்போனான். புது ஆள் தரவில்லை. மிச்சம் இருந்த எங்கள் மூன்று பேரை எவாரிஸ்தோ சோழி மாதிரி உருட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டேங்கிறீங்களேடா!"

"எப்படி அண்ணே வர்றது? உச்சிப் பொழுதுக்கு எங்க அம்மா வருவா. செத்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் கோபம் தணியல. சாப்பாடு வைக்கலைன்னா என்னை உரிச்சிடுவா."

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். செத்தவர்கள் அன்று உச்சிக்கு வீட்டுக்கு வந்து, மறுநாள் உச்சி மணி அடித்ததும் கிளம்பிவிடுவார்கள்.

எவாரிஸ்தோ தலையைத் தூக்கினான். கண் சிவந்திருந்தது.

"தியோஃபிலோ எப்படியும் ஊருக்கு வருவான்ல?"

சொல்லிவிட்டு எழுதியும்விட்டான். உச்சி முதல் உச்சி வரை, தியோஃபிலோ.

மறுநாள் சாயங்காலம் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி. ஈரக் கல்லும், தியோஃபிலோ எப்போதும் மெல்லுகிற கோக்கா இலையும் கலந்த வாடை. வால்வுச் சக்கரம் மெல்லத் திரும்பியது.

யாரோ இருமினார்கள்.

நான் அம்மாவைப் பார்க்க ஓடிவிட்டேன். இரண்டு பயத்தில் அது பழகின பயம்.

இருட்டுவதற்குள் தியோஃபிலோ பெண்டாட்டி பசிலியா ஆபீஸ் வாசலில் நின்று கத்தினாள். "படைச்ச ரொட்டி அப்படியே கிடக்கு! அந்த மனுஷன் ஒரு ஈயாக்கூட வந்து உட்காரல! வருஷத்துக்கு ஒரு நாள் லீவு, அதையும் பிடுங்கிட்டியா, பாவி?"

அதற்குப் பிறகுதான் எவாரிஸ்தோவுக்கு அந்தச் சட்டம் உறைத்தது. அவனே போட்ட சட்டம்: மாற்று ஆள் வந்து தோளைத் தொடாமல் பம்பை விட்டு யாரும் நகரக் கூடாது.

மறுநாள் உச்சிக்கு மாற்று ஆள் எங்கள் மூவரில் ஒருவனான சாத்துர்னினோ. அவனைத் தேடி எவாரிஸ்தோ ஊரெல்லாம் ஓடி, கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் கண்டுபிடித்தான். சோளக்கள் குடித்து அப்பன் சமாதியைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

"எழுந்திருடா! அவன் போயாகணும்டா!"

"எங்கப்பனும்தான் போறாரு. நான் அழறேனா?" என்று சாத்துர்னினோ அழுதான்.

நானும் அங்கேதான் அம்மாவை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். "நான் நிக்கிறேன், வா" என்று எவாரிஸ்தோ கையைப் பிடித்தேன். மேட்டில் ஓடினோம். பாதி வழியில் மணி அடித்தது.

கதவைத் திறந்தோம். பம்ப் ஓடியது.

"லேட்டு."

குரல் நாற்காலியிலிருந்து வந்தது.

"மன்னிச்சுக்கோ தம்பி. கிளம்பு, கிளம்பு" என்றான் எவாரிஸ்தோ.

"அங்க கதவைச் சாத்திட்டாங்க அண்ணே. என் இடம் காலியாக் கிடக்கு. உன்னை மாதிரிதான் அங்கயும் ஒருத்தன் ஷிஃப்ட் போடறான். ஆள் குறைஞ்சா விடமாட்டான்."

இருமல்.

"என் இடத்துல யாரைப் போடறே?"

எவாரிஸ்தோ என்னைப் பார்த்தான். கதவுக்கு வெளியே ஊரைப் பார்த்தான்.

"எங்கிட்ட இருக்கிறதே மூணு பேர்தான்டா..." கைகூப்பினான். "ஒருத்தனை எடுத்தாலும் பம்ப் நின்னுடும்."

"வால்வு திருப்பத் தெரியாதவன் ஒருத்தன் இருக்கானே."

எவாரிஸ்தோ வால்வைத் தொட்டறியாத தன் கைகளைப் பார்த்தான். பிறகு, "ஒரே ஒரு ஷிஃப்ட்" என்றான். விழுந்தான்.

மறுநாள் அவனை அடக்கம் செய்தோம்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஆள் குறையே இல்லை. வாரத்தில் ஒரு நாள் மூன்று பேருமே பம்ப் பக்கம் போகமாட்டோம், பம்ப் ஓடும், உள்ளே இருமல் கேட்கும். அப்படியே காலம் ஓடி, நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

போன செவ்வாய் பட்டப்பகலில் அந்த வழியே நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே இரண்டு குரல். ஒன்று இருமியது. மற்றது கெஞ்சியது, "ஒரு ஷிஃப்ட்னுதானே சொன்னேன், உன் இடத்துல எத்தனை வருஷம்டா? யாரையாவது மாத்தி விடேன்."

நின்றேன். நிற்காமல் போயிருக்கலாம்.

"வாசல்ல ஒரு கிழவன் நிக்கிறான் பாரு அண்ணே. சும்மாதானே இருக்கான்?"